அனெல்கா வந்தார், அழைத்தவர் போனார்

கொடியில் நான்கு ஜெர்ஸிகள் காய்ந்துகொண்டிருந்தன. நான்கும் நான்கு நிறம். நான்கும் ஒரே பையனுடையவை, இரண்டே வருடத்தில் சேர்ந்தவை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் கரையில் ஒரு வீட்டு முற்றம் அது. பையன் கால்பந்தில் ஸ்ட்ரைக்கர், முன்களத்தில் நின்று கோல் அடிக்கிறவன், இருபது வயது இன்னும் ஆகவில்லை. ஐந்தாவது கிளப்பின் ஒப்பந்தம் வந்திருந்தது. அதை ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்தார்கள். படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வங்கியில் வேலை பார்ப்பவன், ஒரு காலத்தில் முன்களத்தில் ஆடியவன், இப்போது சாயங்காலம் கடற்கரை மணலில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறவன்.

பையனின் அப்பா முந்தின நாள்தான் கொச்சியில் மீனை இறக்கிவிட்டு வீடு வந்திருந்தார். எங்கள் ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை தொடமாட்டார்கள். அதற்குத் தங்கல் என்று பெயர். தங்கல் முடிந்து வந்த மனிதருக்கு இன்னும் கால் தரையில் ஊன்றவில்லை. கொடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சாரே, ஒரு எடத்துல நிக்காத பயலுக்கு எவன் பெண்ணு குடுப்பான்? பந்து கம்பெனிக்காரன் மட்டும் வேலை குடுப்பானா?"

உள்ளேயிருந்து பையனின் அம்மா சொன்னார்: "அவன் நிக்கல்லியா, நிக்க விடல்லியா? அதைக் கேளுங்க."

கேள்வி அதுதான். பதில் சொல்ல நான் எடுத்துக்கொண்டது பிரான்ஸ் ஸ்ட்ரைக்கர் நிக்கோலா அனெல்காவின் கிளப் வாழ்க்கை. அன்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் கிறுக்கியதை இங்கே கொஞ்சம் சீராக எழுதியிருக்கிறேன்.

ஏன் அனெல்கா

12 கிளப், 7 நாடு. பிரான்ஸில் தொடங்கி இங்கிலாந்து, ஸ்பெயின், துருக்கி, சீனா, இத்தாலி என்று சுற்றி, கடைசியில் இந்தியாவுக்கே வந்து ஆடியவர். எங்கள் கரையில் அவரைத் தெரியாதவர் குறைவு. தெரிந்த விதம்தான் கொஞ்சம் கசப்பு. இங்கே பாதிப் பேர் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்கள். திருவனந்தபுரம் எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. 2014 நவம்பரில் மும்பை சிட்டிக்காக அனெல்கா அடித்த ஒரு ஃப்ரீகிக் பிளாஸ்டர்ஸை 1-0 என்று தோற்கடித்தது. அன்று டீக்கடையில் என்னோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. "நாடோடிப் பய, கூலிக்கு ஆடுறவன்" என்பது அதில் மரியாதையான பகுதி.

நாடோடி என்ற அந்தச் சொல்லைத்தான் சோதித்துப் பார்க்க நினைத்தேன். இங்கிலாந்துப் பத்திரிகைகளும் இதையே வேறு விதமாகச் சொன்னன. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர், ஓரிடத்தில் பொறுக்காதவர் என்று இருபது வயதிலேயே முத்திரை குத்திவிட்டார்கள். குணம்தான் காரணம் என்றால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஆராய ஒன்றும் இருக்காது.

தொடக்கம்

பிறந்தது 1979 மார்ச் 14, வெர்சாய் பக்கத்தில் லெ ஷெனே. பெற்றோர் மார்த்தினிக் தீவிலிருந்து வந்தவர்கள். வளர்ந்தது பாரிஸுக்கு வெளியே உள்ள திராப் என்ற ஊரில். பிரெஞ்சு கால்பந்துச் சங்கம் கிளேர்ஃபோன்தேனில் நடத்தும் பயிற்சிப் பள்ளியில் படித்தார். 1996-ல், 16 வயதில், பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்னின் பெரிய அணிக்கு ஆடிவிட்டார்.

1997 பிப்ரவரியில் ஆர்செனல் அவரை அழைத்துக்கொண்டு போனது. கொடுத்தது சுமார் 5 லட்சம் பவுண்டு. பாரிஸ்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். அன்றைய நிலையில், முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடாத பையனை வெளிநாட்டுக் கிளப் கூப்பிட்டால் வளர்த்த கிளப்பால் பெரிதாகத் தடுக்க முடியாது. ஐரோப்பாவில் 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரையும் பிடித்து வைக்க முடியாமல் போயிருந்தது. கதவு இரண்டு பக்கமும் திறந்த நேரத்தில் வயதுக்கு வந்தவர் அனெல்கா.

ஆர்செனலில் அவரைக் கூப்பிட்டவர் ஆர்சென் வெங்கர். கூப்பிட்டதோடு இடமும் வைத்திருந்தார். இயான் ரைட்டுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. 1998-ன் தொடக்கத்தில் அவர் காயத்தில் விழுந்தபோது பையன் உள்ளே வந்தான். அந்த வருடமே லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டும் ஆர்செனலுக்கு. கோப்பை இறுதியாட்டத்தில் நியூகாசிலுக்கு எதிராக ஓவர்மார்ஸ் ஒன்று, அனெல்கா ஒன்று. அடுத்த சீசனில் லீக்கில் மட்டும் 17 கோல், சிறந்த இளம் வீரர் விருது. 1999 பிப்ரவரியில் வெம்ப்ளியில் பிரான்ஸ் இங்கிலாந்தை 2-0 என்று வென்றது, இரண்டும் இவர் அடித்தவை. வயது பத்தொன்பது!

ஆறு மாதத்தில் விற்றாகிவிட்டது. ரியல் மாட்ரிட், சுமார் 2.2 கோடி பவுண்டு.

பணம் எங்கே போனது

இந்த இடத்தில் பையனின் மாமா குறுக்கிட்டார். ஒப்பந்த விஷயமெல்லாம் அவர்தான் பார்க்கிறார். "ரெண்டு கோடி பவுண்டு கெடைச்சா அவன் ஏன் நிக்கப்போறான்?"

இந்தத் தப்பான எண்ணம் எங்கள் பக்கம் நிறைய பேருக்கு உண்டு. டிரான்ஸ்ஃபர் பணம் ஆட்டக்காரன் கைக்கு வருவதில்லை. அது கிளப்பிலிருந்து கிளப்புக்குப் போகிறது. ஒப்பந்தம் முடியாத ஆளை விடுவிப்பதற்கான விலை அது. ஆட்டக்காரனுக்குச் சம்பளம், கையெழுத்துப் பணம், அவ்வளவுதான். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், முன்பணம் வாங்கி ஒரு படகில் ஏறிய ஆளை வேறு படகுக்காரர் கூப்பிட்டால் பழைய முதலாளிக்கு முன்பணத்தை அடைக்க வேண்டும். அடைத்த பணம் அந்த ஆளுக்கா போகிறது? மாமா தலையாட்டினார். புரிந்ததா, சும்மா ஆட்டினாரா தெரியவில்லை.

அனெல்காவின் எல்லா மாற்றங்களையும் கூட்டிப் பார்த்தோம். தொகைகள் எல்லாம் அன்றன்று பத்திரிகையில் வந்த சுமார்க் கணக்குதான். ஆர்செனல் கொடுத்தது 5 லட்சம், மாட்ரிட் 2.2 கோடி, பாரிஸ் திரும்ப வாங்க ஏறக்குறைய அதே 2.2 கோடி, மான்செஸ்டர் சிட்டி 1.3 கோடி, ஃபெனர்பாஷே 70 லட்சம், போல்டன் 80 லட்சம், செல்சி 1.5 கோடி. மொத்தம் எட்டே முக்கால் கோடி பவுண்டு. இதில் யார் லாபம் பார்த்தது? ஆர்செனல்தான், கொள்ளை லாபம். 5 லட்சத்துக்கு வாங்கி இரண்டரை வருடம் ஆடவைத்து, கோப்பைகளும் எடுத்து, நாற்பது மடங்குக்கு மேல் விற்றது. அந்தப் பணத்தில் ஏறக்குறைய பாதியைக் கொடுத்து யுவென்டஸிலிருந்து தியரி ஹென்றியைக் கொண்டுவந்தார்கள். ஹென்றி அடித்த 228 கோல் இன்றும் ஆர்செனலின் சாதனை. லண்டன் கோல்னியில் புதிய பயிற்சித் திடல் 1999-ல் திறந்ததற்கும் அந்த விற்பனை கை கொடுத்தது.

பாரிஸ் நஷ்டப்பட்டது. சிட்டி நஷ்டப்பட்டது. போல்டன் பதினேழு மாதத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கியது. ஆனால் கோல் அடிக்கிற ஆளை சீசன் நடுவில் விற்றுவிட்டு, 16-ஆம் இடத்தில், கீழ் லீக்குக்கு இறக்கப்பட்ட ரெடிங்கைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் எடுத்துத் தப்பித்தது. போல்டனும் அப்படி இறங்கியிருந்தால் கிடைத்த லாபத்தைவிட இழந்தது அதிகமாக இருந்திருக்கும்.

நோட்டில் போட்ட இரண்டு பத்தி

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தோம். நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் அனெல்கா ஒவ்வொரு கிளப்புக்கும் வந்த மாதத்தை எழுதினேன். வலது பக்கம் எழுதியது, அவர் வந்தபோது அங்கே இருந்த பயிற்சியாளர் எப்போது போனார் என்பது. இதை முன்னால் யாரும் இப்படி எழுதிப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. எனக்கே அன்றுதான் தோன்றியது.

மாட்ரிட்: 1999 ஆகஸ்டில் வந்தார். பயிற்சியாளர் ஜான் டோஷாக் நவம்பரில் வேலை இழந்தார். மூன்றே மாதம்.

பாரிஸ்: 2000 கோடையில் வந்தார். பிலிப் பெர்ஜெரூ டிசம்பரில் போனார். பதிலுக்கு வந்தவர் லூயிஸ் ஃபெர்னாண்டஸ். அவரோடு அனெல்காவுக்கு ஒத்துப்போகவில்லை. ஒரு வருடத்தில் லிவர்பூலுக்கு லோனில், அதாவது தற்காலிக இரவலாக, அனுப்பிவிட்டார்கள்.

ஃபெனர்பாஷே: 2005 ஜனவரியில் வந்தார். அந்த சீசனில் துருக்கி லீக் பட்டம். அடுத்த சீசனில் கடைசி நாளில் பட்டம் கலாத்தசராயிடம் போயிற்று, கிறிஸ்டோஃப் டாம் விலகினார், ஜிகோ வந்தார். ஆகஸ்டில் அனெல்கா போல்டனில்.

போல்டன்: கூப்பிட்டவர் சாம் அல்லார்டைஸ். 2007 ஏப்ரலில் அவர் போய்விட்டார். அடுத்த ஒன்பது மாதத்தில் அனெல்காவும் இல்லை.

செல்சி: 2008 ஜனவரியில் வந்தார். அவ்ரம் கிராண்ட் அதே வருடம் மே மாதம் நீக்கம்.

ஷாங்காய் ஷென்ஹுவா: 2012 தொடக்கத்தில் வந்தார். ஜான் டிகானா ஏப்ரலில் போனார்.

வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன்: 2013 ஜூலையில் வந்தார். ஸ்டீவ் கிளார்க் டிசம்பரில் நீக்கம்.

ஏழு முறை. கடைசியில் வந்த யுவென்டஸையும் மும்பையையும் விட்டால், கூப்பிட்டவர் நிலைத்த கதைகள் மூன்றுதான் மிச்சம். ஒன்று ஆர்செனல். இன்னொன்று லிவர்பூல், அது அரை சீசன் லோன்தான், முடிவில் ஜெரார் ஹூலியே இவரை வேண்டாம் என்று எல் ஹாஜி டியூஃபை எடுத்தார். மூன்றாவது மான்செஸ்டர் சிட்டி. கெவின் கீகன் 2002-ல் கிளப்பின் அதுவரையான அதிக விலை கொடுத்து வாங்கினார், தொடர்ந்து ஆடவைத்தார், லீக்கில் 89 ஆட்டம், 37 கோல். கீகன் இருந்தவரை அனெல்காவும் ஏறக்குறைய இருந்தார்: இவர் 2005 ஜனவரியில் போக, அவர் மார்ச்சில் விலகினார். பெரிய கோப்பை ஒன்றும் கிடைக்காத இடம். ஆனால் அது வரை எங்கேயும் அவ்வளவு நாள் அவர் நிம்மதியாகக் கோல் அடிக்கவில்லை.

பையன் நோட்டை இழுத்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான்காவது கிளப்பில் அவனை ஃபோனில் கூப்பிட்டுச் சேர்த்த பயிற்சியாளர் மூன்றாவது வாரமே போய்விட்டார். புதிதாக வந்தவர் தனக்குப் பழக்கமான முன்களக்காரனைக் கையோடு கூட்டி வந்தார். பையன் சீசன் முழுக்கக் களத்தில் நின்றது நாற்பது நிமிடம். கடைசி இரண்டு மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.

ஏன் ஸ்ட்ரைக்கருக்கு மட்டும் இந்தக் கதி? கோல்கீப்பரையும் நடுப் பின்களத்தையும் புதுப் பயிற்சியாளர் அவ்வளவு சீக்கிரம் கலைக்கமாட்டார். கலைத்தால் முதல் வாரமே கோல் வாங்குவார். முன்களத்தில் அந்தப் பயம் இல்லை. இரண்டு பேரை வைத்து ஆடுகிற அணியை ஒருவரை வைத்து ஆடுகிற அணியாக மாற்றினால் ஒரு ஸ்ட்ரைக்கர் அன்றே பெஞ்சுக்குப் போவார். கோல் எண்ணிக்கையும் எல்லோரும் பார்க்கிற பலகை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். நான்கு ஆட்டத்தில் கோல் இல்லை என்றால் ஆளை மாற்ற அதற்கு மேல் காரணம் வேண்டாம். அனெல்காவுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர் எதிரணியின் கோல் பெட்டிக்குள் காத்து நிற்கிற ஆள் இல்லை. பின்னால் இறங்கி வந்து பந்தை வாங்கித் திரும்பி ஓடுகிற ஆள். அதைப் புரிந்துகொண்டவர் கையில் தங்கம், புரியாதவருக்கு எரிச்சல்.

அவர் பக்கத்துத் தப்பு

எல்லாப் பழியையும் பயிற்சியாளர்கள் மேல் போட்டால் அது ஆய்வாகாது, வக்காலத்தாகிவிடும். ஆர்செனலை விட்டுப் போனதற்கு எந்தப் பயிற்சியாளரும் காரணமில்லை. வெங்கர் அதற்கப்புறம் பத்தொன்பது வருடம் அங்கேயே இருந்தார். இடம் இருந்தது, நம்பிக்கை இருந்தது, வயது இருந்தது. அண்ணன்மார் இருவரும் அவருடைய ஏஜென்ட்கள். அந்தக் கோடை முழுக்கப் பேரம் நடந்தது. அப்போது அவசரப்பட்டார் என்றே நினைக்கிறேன். இதை நான் சொன்னபோது பையனின் மாமா வெளியே போய் ஒரு ஃபோன் பேசிவிட்டு வந்தார்.

மாட்ரிட்டில் ரவுல், மொரியெந்தஸ் என்று இரண்டு பேர் ஏற்கெனவே ஊன்றி நின்றார்கள். அனெல்காவின் முதல் கோல் வரவே 2000 ஜனவரி ஆயிற்று, அதுவும் பிரேசிலில் நடந்த உலகக் கிளப் போட்டியில். மார்ச்சில் பயிற்சிக்கு வரமாட்டேன் என்றார். கிளப் 45 நாள் தள்ளி வைத்தது. இத்தோடு தொலைந்தார் என்று எழுதினார்கள். மே மாதம் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பயர்ன் மியூனிக்குக்கு எதிராக இரண்டு ஆட்டத்திலும் கோல் அடித்தார். மொத்தக் கணக்கு 3-2. அவர் கோல்களை எடுத்துவிட்டால் மாட்ரிட் இறுதிக்கே போயிருக்காது. இறுதியாட்டம் அவர் வளர்ந்த பாரிஸ் பக்கத்திலேயே, சாந்தெனியில். வாலென்சியாவை 3-0. லீக்கில் 19 ஆட்டத்தில் 2 கோல் அடித்த ஆள் கையில் ஐரோப்பியக் கோப்பை. இப்படிப்பட்ட ஒரு சீசனை நல்லது என்பதா கெட்டது என்பதா, எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

2010 உலகக் கோப்பையில் மெக்சிகோ ஆட்டத்தின் இடைவேளையில் பயிற்சியாளர் டொமெனெக்கோடு தகராறு, வீட்டுக்கு அனுப்பினார்கள், அணி பயிற்சியைப் புறக்கணித்தது, பிரெஞ்சுச் சங்கம் 18 ஆட்டத் தடை போட்டது. கிளப் கதையில் இதற்கு இடமில்லை என்பதால் இத்தோடு விடுகிறேன். 2013 டிசம்பர் 28 அப்படி விடக்கூடியது இல்லை. வெஸ்ட் ஹாமுக்கு எதிராக இரண்டு கோல் அடித்துவிட்டு, யூத வெறுப்பின் அடையாளம் என்று கண்டிக்கப்பட்ட ஒரு கைச்சைகையைக் காட்டினார். 5 ஆட்டத் தடை, 80,000 பவுண்டு அபராதம், கடைசியில் வேலையும் போயிற்று. கூப்பிட்ட கிளார்க் அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் போயிருந்தார். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட மாட்டேன். அந்தக் கை அவருடைய கை.

மாஸ்கோவும் அதற்கப்புறமும்

என் இரண்டு பத்திக் கணக்கை உடைப்பது செல்சி. அதனாலேயே அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

2007-08 சீசனின் முதல் பாதியில் போல்டனுக்கு லீக்கில் 10 கோல். ஜனவரியில் செல்சிக்கு வந்த பிறகு மீதி சீசன் முழுக்க லீக்கில் 1 கோல். ஆள் அதே ஆள், கால் அதே கால். ஓரத்தில் நிறுத்தினார்கள், பாதியில் இறக்கினார்கள். மே 21, மாஸ்கோ, சாம்பியன்ஸ் லீக் இறுதி. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக 1-1. கூடுதல் நேரத்தில்தான் அனெல்காவை உள்ளே விட்டார்கள். பெனால்ட்டி வரிசையில் ஐந்தாவதாக வந்த ஜான் டெர்ரி மழையில் வழுக்கிக் கம்பத்தில் அடித்தார். ஏழாவது உதை அனெல்காவுடையது. கோலில் நின்ற வான் டெர் சார் கையை நீட்டித் தன் இடது பக்கத்தைக் காட்டினார்: அங்கேதானே அடிக்கப்போகிறாய்? அதற்கு முன் செல்சியின் உதைகள் பெரும்பாலும் அந்தப் பக்கமே போயிருந்தன. அந்த ஒரு நொடியில் அனெல்காவின் மனதில் என்ன ஓடியதோ, வலது பக்கம், கைக்கு எட்டுகிற உயரத்தில் அடித்தார். வான் டெர் சார் தடுத்துத் தள்ளிவிட்டார். 6-5, முடிந்தது.

இந்த இடத்தைப் பையன் என் ஃபோனில் மூன்று முறை பார்த்தான். "கை காட்டினதைப் பார்க்காம இருந்திருக்கலாம்" என்றான். பார்க்காமல் எப்படி இருப்பது என்று நான் கேட்கவில்லை.

கிராண்ட் போனார். என் கணக்குப்படி அனெல்காவும் போயிருக்க வேண்டும். புதிதாக வந்த ஸ்கொலாரி காலத்தில் டிரோக்பா காயத்தால் வெளியே இருந்தார். இடம் காலி. அனெல்கா தனியாக முன்னால் நின்று அடித்தார். அந்த சீசனில் லீக்கில் 19 கோல், அதிக கோல் அடித்தவருக்கான பிரீமியர் லீக்கின் தங்கக் காலணி. பாதியில் ஸ்கொலாரியும் போய் ஹிடிங்க் வந்தார், அனெல்கா நின்றார். அடுத்து அன்செலோட்டி டிரோக்பாவையும் இவரையும் சேர்த்தே ஆடவைத்தார். 2009-10-ல் செல்சி லீக்கில் 103 கோல் அடித்து லீக்கும் கோப்பையும் எடுத்தது. அனெல்காவுக்கு 11. நான்கு பயிற்சியாளர்களைத் தாண்டி நின்றிருக்கிறார். ஐந்தாவதாக 2011-ல் வந்த வில்லாஸ்-போவாஸ்தான் டிசம்பரில் முதல் அணியோடு பயிற்சிக்கே வரவேண்டாம் என்றார்.

பயிற்சியாளர் போனால் ஸ்ட்ரைக்கர் விழுந்துவிடுவார் என்று ஒரு விதியாகச் சொல்ல முடியாது என்பதைத்தான் செல்சி காட்டுகிறது. புதியவர் வரும் அந்த நாளில் முன்னால் இருக்கும் இடம் காலியா, நிரம்பியிருக்கிறதா என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. அதில் பாதி, இன்னொருவரின் முழங்கால்.

எங்கள் கரையிலேயே இதற்கு எதிர்ப்பக்கம் உண்டு. இங்கிருந்து போன மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. என்று படிப்படியாக ஏறினார். நடுக்களத்தின் ஓரத்தில் ஆடுகிறவர். 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. அவர் பெயரைச் சொன்னதும் முற்றத்தில் யாரும் பேசவில்லை.

கடைசிச் சுற்று

சீனாவிலிருந்து 2013 ஜனவரியில் யுவென்டஸுக்கு வந்தார். மூன்று ஆட்டம், கோல் இல்லை. 2014-ல் பிரேசிலின் அத்லெட்டிகோ மினெய்ரோ தலைவர் அனெல்கா எங்களிடம் வருகிறார் என்று அறிவித்தார். அனெல்கா போகவே இல்லை. அந்தக் கிளப்பை நான் 12-ல் சேர்க்கவில்லை.

மும்பை சிட்டிக்கு 2014-ல் வந்தார். அடுத்த வருடம் ஆட்டக்காரரும் பயிற்சியாளரும் அவரே. சுனில் சேத்ரியை அந்த வருட ஏலத்தில் 1.2 கோடி ரூபாய்க்கு மும்பை எடுத்திருந்தது, இந்தியன் சூப்பர் லீக்கில் ஓர் இந்தியர் அடித்த முதல் ஹாட்ரிக் அந்த சீசனில் சேத்ரி அடித்ததுதான். ஆனாலும் எட்டு அணிகளில் மும்பைக்கு ஆறாவது இடம். 2016-ல் புதிய பயிற்சியாளர் கிமரேஸ் வந்தார். கூடவே புதிய ஸ்ட்ரைக்கர், உருகுவேயின் டியாகோ ஃபோர்லான். வலது பத்தியில் கடைசிப் பெயராக அனெல்காவையே எழுத வேண்டியதாயிற்று. பையனின் அப்பா அன்று முதல் முறையாகச் சிரித்தது அதைப் பார்த்துத்தான்.

ஒப்பந்தத்தில் திருத்தியது

உறையைப் பிரித்தோம். ஒரு வருட ஒப்பந்தம். கிளப் விரும்பினால் இன்னொரு வருடம் நீட்டலாம். கிளப் விரும்பினால்தான், பையன் விரும்பினால் அல்ல. அவனுக்குப் பிடிக்காமல் போனால் வெளியே வர வழியில்லை, அவர்களுக்குப் பிடிக்காமல் போனால் விட்டுவிடலாம். அதை எடுக்கச் சொன்னோம். சம்பளம் இரண்டு மாதம் தவறினால் பையன் விலகலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னோம். லோனில் அனுப்பினால் சம்பளம் யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்றோம். முதல் இரண்டுக்கும் சரி என்றார்கள், மூன்றாவதற்கு இழுத்தார்கள், பிறகு அதற்கும் சரி என்றார்கள்.

எங்கள் மணல் கிளப்புக்கும் இதில் ஒரு வேலை இருந்தது. 2001-லிருந்து ஃபிஃபாவின் விதியில், ஆட்டக்காரர் ஒப்பந்தம் முடியுமுன் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால் அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்களுக்குப் பிரிந்து போக வேண்டும். 12 முதல் 15 வரை வருடத்துக்கு கால் சதவீதம், 16 முதல் 23 வரை அரை சதவீதம். ஒரு கோடி ரூபாய் மாற்றம் என்றால், நான்கு வருடம் சின்ன வயதில் வைத்திருந்த கிளப்புக்கு ஒரு லட்சம் வரும். பந்து, வலை, பூட்ஸ் என்று எங்களுக்கு மூன்று வருடத்துக்குக் காணும். ஆனால் பையன் எங்கள் பெயரில் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். இந்தியச் சங்கத்தின் இணையப் பதிவில் பெயர் ஏறாத பிள்ளை, கணக்கில் எங்கள் பிள்ளையே இல்லை. இவனைப் பதிவு செய்யாமல் விட்டது என் தப்பு. இப்போது பன்னிரண்டு வயசுக்காரர்களின் பிறப்புச் சான்றிதழைச் சேகரித்துக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் வீட்டில் அது ஒக்கி புயல் வருடத்துக் காகிதங்களோடு எங்கோ கட்டி வைத்திருக்கிறது.

கையெழுத்துப் போடுமுன் புதிய கிளப்பின் பயிற்சியாளரைப் பையன் ஃபோனில் கூப்பிட்டான், ஸ்பீக்கரில் போட்டான். முன்களத்தில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை பேரை வைத்து ஆடுவீர்கள் என்று கேட்டான். அவர் பொறுமையாகச் சொன்னார். ஒன்பதாம் எண் ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்தாயிற்று, உனக்கு 27 என்றார். கடைசியில் அப்பா ஃபோன் பக்கம் குனிந்தார்.

"சாரே, ஒங்களுக்கு எத்தனை வருஷம் எழுதியிருக்கு?"

அந்தப் பக்கம் கொஞ்சம் சத்தமில்லை. பிறகு சிரிப்பு. "ஒரு வருஷம்தான் அண்ணாச்சி."

"செரி. அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே தங்கல்" என்று சொல்லிவிட்டு, பேனாவைப் பையனிடம் நீட்டினார்.